மொய் நோட்டு என்ற புத்தகம்

சென்னையிலிருந்து என்னோடு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வந்த நண்பர், பந்தலை விட்டு வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "ஏன் ஸார், உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சமே கிடையாதா?" சாப்பாட்டில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. மொய் எழுதியவர் ஊர், பெயர், தொகை என்று ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வாசித்ததுதான் பொறுக்கவில்லை. தாம் கொடுத்த தொகையும் ஊரறிய வாசிக்கப்பட்டதில் அவருக்குத் தனியாக ஒரு வருத்தம் இருந்திருக்கலாம். ரயிலில் திரும்பும்போது, பரிசு கொடுப்பதைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கும் நூலைக் குறிப்பிட்டு, அதைப் படித்துவிட்டு என் அபிப்பிராயத்தை எழுத வேண்டும் என்றார்.

படித்தேன். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு படித்ததால், இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியதாகிவிட்டது. இந்த இரண்டாவது புத்தகத்துக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே ஒரு கரிசல் கிராமத்தில், எங்கள் உறவுக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரத்துக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த வீட்டில் பத்திரமாகக் காப்பாற்றப்பட்ட காகிதங்கள் இந்த மூன்று வகைதான்.

மொய் நோட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே என்ன விசேஷம் என்பதும் தேதியும். பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. பழைய ஏடுகளில் தொகைக்கு மூன்று கட்டங்கள் உண்டு: ரூபாய், அணா, பைசா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகும் இரண்டு மூன்று விசேஷங்களுக்குப் பழக்கதோஷத்தால் மூன்று கட்டமே போட்டு, நடுக்கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். ஒரே குலசாமியின் பெயரை வைத்துக்கொண்ட ஏழெட்டுப் பேர் ஒரே ஊரில் இருப்பார்கள் அல்லவா? அவர்களைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பெயருக்கு முன்னால் ஒரு சொல்: கிணற்று வீட்டு, மிலிட்டரி, கொத்தனார், ரங்கோன். ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒரு சொல்லில் அடக்கும் இந்தத் திறமை கதை எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கைவரும்? ரங்கோன்காரர் போனது எப்போது, வந்தது எப்போது என்றெல்லாம் நோட்டு சொல்லாது. அவர் போட்டது இரண்டு ரூபாய் என்பதை மட்டும் சொல்லும்.

சில வரிகளில் பணமே இல்லை. 'கம்பு இரண்டு மரக்கால்' என்று இருக்கிறது. ஓர் இடத்தில் 'ஆட்டுக்கிடா ஒன்று'. வேறு சில வரிகளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி. அந்தக் குறி விழுந்த பெயருக்கு இந்த வீட்டார் திரும்பச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். குறி விழாத பெயர்கள் இன்னும் காத்திருக்கின்றன.

காத்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தச் சீமை மழையை நம்பிய சீமை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் உண்டு. இல்லாவிட்டால் குண்டாற்று மணலைப் பார்த்துக்கொண்டு அடுத்த ஐப்பசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பருத்தி, கம்பு, மிளகாய், மல்லி எல்லாமே ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், மறு வருஷம் கையை விரிக்கும். இப்படிப்பட்ட பூமியில், ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் அளவுக்கு மொத்தப் பணம் எந்தச் சம்சாரியிடமும் ஒரே சமயத்தில் இருந்ததில்லை. ஆனால் இருநூறு வீட்டாரிடம் ஆளுக்கு ஐந்து ரூபாய் இருக்கலாம். அந்த ஐந்து ரூபாய்கள் ஒரு நாள் ஒரு பந்தலில் வந்து மொய்த்தால் ஆயிரம் ஆகும். மொய் என்ற சொல்லுக்கே கூட்டம், நெருக்கம் என்றுதான் பொருள். வெல்லத்தில் ஈ மொய்க்கிறதே, அதே சொல்தான். எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு பெயர் செய்முறை. செய்ய வேண்டிய முறை. 'அவர் நமக்குச் செய்திருக்கிறார், நாம் செய்ய வேண்டும்' என்றால், என்ன செய்வது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் நண்பர் இதை வட்டியில்லாக் கடன் என்று சொல்லி முடித்துவிட்டார். கடன் இல்லை என்பது என் கட்சி. கடனைக் கேட்கலாம், மொய்யைக் கேட்க முடியாது. திரும்பி வர வேண்டுமானால் கொடுத்தவன் வீட்டில் ஒரு விசேஷம் வர வேண்டும், அதற்கு அவன் பத்திரிகை வைக்க வேண்டும், வாங்கியவன் பந்தலுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிள்ளையில்லாத வீட்டார் வாழ்நாள் முழுவதும் செய்துகொண்டே இருப்பார்கள். இன்னொன்று: வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்வது இங்கே மரியாதையாகாது. நூறு வந்திருந்தால் நூற்றைம்பதாகவோ இருநூறாகவோ செய்ய வேண்டும். பழைய நூறு கழிந்து, மேலே போட்டது புது மொய்யாக எதிர்வீட்டின் தலையில் ஏறும். சரியாக நூறே எழுதினால், 'கணக்கை முடித்துக்கொண்டான்' என்பார்கள். அதற்கு அர்த்தம் உறவை முடித்துக்கொண்டான் என்பதுதான். கடன் உலகத்தில் தீர்த்துவிட்டவன் யோக்கியன். இங்கே தீர்த்துவிட்டவனைப் பற்றித்தான் ஊர் கிசுகிசுக்கிறது.

புலவர்கள் சிலர் இந்த இடத்தில் வள்ளுவரைக் கூப்பிடுவார்கள். ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, இல்லாதவனுக்குக் கொடுப்பது ஒன்றுதான் ஈகை, மற்றவர்க்குக் கொடுப்பதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையது என்று அவர் சொல்லிவிட்டார். குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி, வாங்கிய அளவே திருப்பிக் கொடுப்பது. அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்கி, மறுவாரம் அதே படியால் அளந்து கொடுக்கிறோமே, அது. ஆகவே மொய் தாழ்ந்தது என்று புலவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வள்ளுவர் அப்படித் தீர்ப்பு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. இது வேறு, அது வேறு என்று பிரித்திருக்கிறார். அந்தப் பிரிவு சரியானது. ஆனால் அடுத்த வீட்டுப் படியரிசிக்கு ஏன் இத்தனை இளக்காரம்? ஈகையில் கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. படியரிசியில் இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்காரலாம். பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக்குப் போய் நிற்பதைக் காட்டிலும் மொய் நோட்டில் பெயர் இருப்பதையே எங்கள் பக்கத்துச் சம்சாரி விரும்பியதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது.

இனி அந்தப் பிரெஞ்சுக்காரர். மார்செல் மோஸ் கொடையைப் பற்றிய தம் நீண்ட கட்டுரையை 1925இல் வெளியிட்டார். 1954இல் அது இங்கிலீஷில் வந்தது. அவர் சொல்வது சுருக்கமாக இதுதான். உலகத்தில் இலவசமான பரிசு என்று எதுவும் இல்லை. கொடுக்க வேண்டும், கொடுத்ததை ஏற்க வேண்டும், ஏற்றதற்கு எதிர் செய்ய வேண்டும், இம்மூன்றும் கட்டாயம். தென்கடல் தீவுகளில் சங்கு வளையும் சிப்பி மாலையும் தீவுக்குத் தீவு கைமாறிச் சுற்றி வருவதையும், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் தலைவர்கள் போட்டி போட்டுக்கொண்டு பொருள்களை வாரி இறைப்பதையும், சில சமயம் அழித்தே காட்டுவதையும் சேர்த்து வைத்து இந்த முடிவுக்கு வருகிறார். கானடா சர்க்கார் அந்த வாரி இறைக்கும் விருந்தை அநாகரிகம் என்று 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்து வைத்திருந்தது. என் நண்பருக்கு இது திருப்தியளிக்கும் செய்தி.

படித்துக்கொண்டு போகும்போது பக்கத்துக்குப் பக்கம், 'இது நம் ஊர் அல்லவா' என்று தோன்றியதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இரண்டு இடங்களில் எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது, திரும்பச் செய்ய வைக்கும் சக்தி எது என்று அவர் கேட்டுக்கொண்டு, நியூஜிலாந்து மாவோரிகளின் நம்பிக்கை ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். கொடுத்த பொருளில் கொடுத்தவனின் ஆவி மாதிரி ஏதோ ஒன்று குடியிருக்கிறதாம். அது பிறந்த இடத்துக்குத் திரும்பத் துடிக்கிறதாம். அழகான கற்பனை. இருநூறு பேர் கையில் புரண்ட கசங்கின ஐந்து ரூபாய் நோட்டில் எந்த ஆவி தங்கும்? எங்கள் பக்கத்தில் ஆவி பணத்தில் இல்லை, நோட்டில் இருக்கிறது. நோட்டைக் கரையான் தின்றுவிட்டாலும், 'உன் தங்கச்சி காதுகுத்துக்கு எங்க மாமா மூணு ரூவா செஞ்சாரு' என்று சொல்ல ஒரு கிழவி இருப்பாள். இங்கே சக்தி என்பது அக்கம்பக்கத்தாரின் ஞாபகம்தான்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் பெரிது. இந்தியாவைத் தேடி அவர் போனது மகாபாரதத்தின் அநுசாசன பர்வத்துக்கும் தர்மசாஸ்திரத்துக்கும். பாரதமே ஒரு மாபெரும் கொடைப் போட்டியின் கதை என்றுகூட ஓரிடத்தில் சொல்கிறார். அங்கே அவருக்குக் கிடைத்தது பிராமணருக்குக் கொடுக்கும் தானம். தானம் இங்கே பலவற்றில் ஒன்று. அதுவும் திருப்பிச் செய்யக்கூடாத ஒன்று. அவரிடம் பயின்ற லூயி துய்மோன் 1949-50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் நாட்டில் வந்து தங்கி, 1957இல் பெரிய நூலாக எழுதினார். அந்தச் சிஷ்யர் குருவைக் காட்டிலும் நன்றாகப் பார்த்தார் என்பேன். தாய்மாமன் கொண்டுவரும் சீரைப் பார்த்து, மாமன் என்பவன் குழந்தைக்கு மாமன் ஆவதற்கு முன்பே தகப்பனுக்கு மைத்துனன், கலியாணத்தில் தொடங்கிய கொடுக்கல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டு சொன்னார்.

எங்கள் பெண்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. சீர் வேறு, மொய் வேறு. காதுகுத்துக்கு மாமன் மேளதாளத்தோடு கிடாயும் தோடும் சேலையும் தட்டுத் தட்டாகக் கொண்டுவருவது திரும்பி வருவதற்காக அல்ல. அக்காள் வீட்டில் அவனுக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பார்கள். அது மரியாதை, ஈடு ஆகாது. அவள் செத்துப் போனாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு இல்லாதிருந்த காலத்தில், ஒரு பெண்ணுக்கு அந்த வீட்டின் மேல் இருந்த பாத்தியதை இந்தத் தட்டுகளாகத்தான் கணுக்கணுவாக வந்தது. பரிசு என்ற ஒரே மூட்டையில் மோஸ் எல்லாவற்றையும் கட்டிவிட்டார். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருப்பது வீணுக்கு அல்ல.

கூச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாட்டில் பரிசுப் பொருளின் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுப்பார்கள். பணமாகக் கொடுத்தால் நாசூக்கு இல்லை என்பார்கள். ஓ ஹென்றியின் பிரசித்தமான கிறிஸ்துமஸ் கதையில் அந்தத் தம்பதிகள் ஒருவருக்கொருவர் தெரியாமல் தங்கள் அருமைப் பொருளை விற்றுப் பரிசு வாங்குகிறார்கள். ரகசியம் இல்லையென்றால் அந்தக் கதையே இல்லை. ஆனால் ஜப்பானியர் நாசூக்கில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கலியாணத்துக்கும் சாவுக்கும் பணத்தையே உறையிலிட்டுக் கொடுக்கிறார்கள். கலியாணம் என்றால் புது நோட்டு. சாவு என்றால் புது நோட்டு வைக்கக் கூடாது, சாவுக்காக முன்கூட்டியே தயாராக இருந்த மாதிரி ஆகிவிடும். சாவு வீட்டார் வந்த பணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஏறக்குறையப் பாதி மதிப்புக்குப் பொருளாகத் திருப்பி அனுப்புகிறார்கள். கொரியாவிலும் கலியாண வாசலில் மேஜை போட்டு எழுதுகிறார்கள். ஒலிபெருக்கி மட்டும்தான் நம்முடைய விசேஷ உரிமை. அதை நானும் ஆதரிக்கவில்லை, காது வலிக்கிறது.

இவ்வளவு பரிந்து பேசியவன் நோட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். நோட்டை ஓர் இரவு முழுவதும் புரட்டிப் பார்த்தேன். அந்த ஊரிலேயே இருக்கிற ஒரு தெரு அதில் இல்லவே இல்லை. பதினைந்து இருபது மைல் தள்ளியிருந்த ஊர்க்காரர்களெல்லாம் வந்து எழுதியிருக்க, கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள் இல்லை. அவர்கள் அந்தப் பந்தலுக்குக் கால் நட்டார்கள், விறகு உடைத்தார்கள், கொட்டு அடித்தார்கள். பந்தியில் சமமாக உட்கார முடியாதவனிடம் சமமாக மொய் வாங்க முடியாது. வாங்கினால் திருப்பிச் செய்ய அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியிருக்கும். ஆகவே அவர்களுக்கும் துணி வெளுத்தவர்களுக்கும் முடி வெட்டியவர்களுக்கும் கொடுக்கப்பட்டதெல்லாம் வேறு கணக்கு. அந்தக் கணக்கின் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். ஊர்த்தொழில் செய்கிறவனுக்கு உரிய நெல்லுக்கும் வேட்டிக்கும் அதுதான் பழைய பெயர். இதைவிடக் கசப்பான சொல்விளையாட்டை நான் கண்டதில்லை. மோஸ் சொல்லும் மூன்று கட்டாயங்களில் திரும்பச் செய்வது இவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. திரும்பச் செய்ய விடாமல் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் ஒருவனைக் கீழே வைத்திருப்பதற்கு மிகச் சுலபமான வழி.

பெண்களின் பெயரும் அபூர்வம்தான். புருஷன் போன பிறகு, 'இன்னார் சம்சாரம்' என்று ஒரு வரி. அவள் களை எடுத்துச் சேர்த்த பணமாக இருக்கும். போனவன் பேரில் எழுதியிருக்கிறது.

செய்ய முடியாதவன் கதி என்ன என்பது கடைசிக் கேள்வி. ஆவணி மாதத்தில் பத்துப் பத்திரிகை வரும். விசைத்தறியில் வாரக் கூலி வாங்குகிறவன், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவன், வட்டிக்கு வாங்கியாவது போய் எழுதிவிட்டு வருகிறான். எழுதாவிட்டால் அடுத்த வருஷம் தன் மகளின் பந்தல் காலியாகக் கிடக்குமே என்ற பயம். வட்டியில்லாத முறைக்கு வட்டிக்கடன் வாங்குகிற இந்த விபரீதத்தை மொய்யின் மகிமை பாடுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அருப்புக்கோட்டையில் இன்னொரு வகைக் கணக்கும் உண்டு. ராமநாதபுரம் சீமையின் நாடார் வியாபாரிகள், வந்து போகும் சரக்குக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து உறவின்முறைப் பொதுப்பணமாகச் சேர்த்தார்கள். முதலில் அது வண்டிகளுக்கும் சரக்குக்கும் காவலாகப் பேட்டைகள் அமைக்க உதவியது; பிற்பாடு பள்ளிக்கூடங்கள் ஆயிற்று. மூட்டைக்குக் கொடுத்த அந்தக் காசு கொடுத்தவனைத் தேடித் திரும்பி வருவதில்லை. யாரோ ஒரு பையனின் படிப்பாக வரும். ஒரு சாதிக்குள் சுற்றிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மொய் நோட்டையே உலகம் என்று நினைத்துவிடாமலிருக்க, இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மொய் இன்று எங்கே போகிறது? புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கங்களிலும் பேராவூரணி வட்டாரத்திலும் கலியாணமே இல்லாமல், ஆடி ஆவணியில் மொய்விருந்து என்றே பத்திரிகை அடித்துக் கறிச்சோறு போட்டு வசூலிக்கிறார்கள். கலியாணம் என்ற சாக்கும் வேண்டாம் என்றானபோது, கேட்க முடியாது என்றிருந்தது கேட்கக்கூடியதாகி, நான் இத்தனை நேரம் கடன் இல்லை என்று வாதாடியது கடனாகிவிடுகிறது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கலியாணப் பத்திரிகையில் கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் கட்டத்தையே அச்சடித்துவிட்டார்கள். நோய்க்காலம், வர முடியாதவர்கள் அனுப்பட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வராமலே செய்வதற்கு முறை என்று பெயர் உண்டா?

சட்டத்தின் வேடிக்கை ஒன்று இருக்கிறது. 1961ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் ஒரு விதி செய்தார்கள்: மணமக்களுக்கு வரும் பரிசுகளைப் பட்டியல் எழுத வேண்டும், பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாம் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்று. பந்தலில் நூறு ரூபாய்க்கு நோட்டுப் போட்டு எழுதுகிற எங்கள் ஜனங்கள், பெண்ணோடு போகும் நகைக்கும் பாத்திரத்துக்கும் வண்டிக்கும் அந்தப் பட்டியலை எழுத நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நண்பர் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். ஒலிபெருக்கியில் வாசிக்கப்படாத அந்தக் கணக்கு.

சில மாதங்களுக்கு முன்னால் மறுபடி அந்தக் கிராமத்துக்கே ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மொய் எழுதும் மேஜையில் இப்போது நோட்டு இல்லை. ஒரு பையன் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தட்டுகிறான். சீட்டு அச்சாகி வருகிறது. பணத்தை எண்ண ஓர் இயந்திரம். திருச்சுழிக்கு அப்பாலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் வரிசையில் நின்று, ஒரு பிளாஸ்டிக் சாக்கை மேஜை ஓரமாக இறக்கி வைத்தார்.

"தாத்தா, தொகை சொல்லுங்க."

"தொகை இல்லப்பா. கம்பு கொண்டாந்திருக்கேன்."

பையன் திரையைப் பார்த்தான். "மதிப்பு எவ்வளவுன்னு போட?"

"மதிப்பெல்லாம் போடாத. எங்க கலியாணத்துக்கு இந்த வீட்டுப் பெரியய்யா ரெண்டு மரக்கா கம்பு செஞ்சாரு. அன்னைக்கு ரூவாயாச் செஞ்சிருந்தா இன்னைக்கு அதுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. கம்புக்குக் கம்பு. கூட ஒரு மரக்கா இருக்கு."

தொகைக் கட்டத்தை நிரப்பாமல் இயந்திரம் அடுத்த பெயருக்கு நகர மாட்டேன் என்கிறது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "எண்ணூறுன்னு போட்டு விடுப்பா" என்றார். பெரியவர் சாக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் வீட்டுக்காரர் எழுந்து வந்து, மேஜையில் கிடந்த ஒரு பத்திரிகையைப் புரட்டி, பின்பக்கத்தில் பேனாவால் ஊரையும் பெயரையும் எழுதி, அதற்கு நேரே 'கம்பு, மூன்று மரக்கால்' என்று எழுதினார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்க மாமா, சாப்பிடுவோம்" என்று பெரியவரைப் பந்திக்கு அழைத்துப் போனார்.